மாமாவின் ஜனதா, நெட்டில் வாங்கிய பைலட், துபாய் காப்பி: மூன்று வாட்ச்சையும் என்ன செய்வது?

லாரிப்பட்டறை (நாமக்கல்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இப்ப மூணு மெக்கானிக்கல் வாட்ச் இருக்கு. மூணுலயும் ஏதோ ஒரு கோளாறு.

முதல்ல, தாய்மாமா கட்டிக்கிட்டிருந்த எச்.எம்.டி. ஜனதா. மாமா போன வருஷம் தவறிட்டார், அத்தை எனக்குக் கொடுத்தாங்க. ஓடுது, ஆனா ஒரு நாளைக்கு மூணு நாலு நிமிஷம் பின்தங்குது. வெள்ளை டயல் பழுப்பேறி, ஆறு மணிப் பக்கம் புள்ளி புள்ளியா இருக்கு. கண்ணாடி பூராவும் கீறல். பக்கத்துக் கடையில கேட்டா, "புது டயல் போட்டு, வெளிக்கூடான கேஸையும் பாலிஷ் பண்ணிடலாம், பளபளன்னு ஆயிடும்"னு சொல்றாங்க. செய்யலாமா?

ரெண்டாவது, நெட்டில வாங்கின எச்.எம்.டி. பைலட். பச்சை டயல், நடுவுல பட்டாளச் சின்னம். வந்த புதுசுல ஒழுங்கா ஓடுச்சு. இப்ப திடீர்னு ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் வேகமா ஓடுது. கீழே போடலை, தண்ணி படலை. ராத்திரி கழட்டி மேசையில இருக்கிற புளூடூத் ஸ்பீக்கர் மேல வைப்பேன், அவ்வளவுதான்.

மூணாவது, துபாயிலிருந்து வந்த சிநேகிதன் கொடுத்தது. ரோலெக்ஸ்னு போட்டிருக்கு, காப்பின்னு சொல்லித்தான் கொடுத்தான். ஆட்டோமேட்டிக், கை அசைவுலயே சாவி ஏறும். பகல் பூரா கட்டியிருந்தாலும் விடியறதுக்குள்ள நின்னு போயிடுது. இதுக்குக் காசு செலவு பண்ணலாமா?

---

காலைநடை எழுதியது:

ப்ரோ, காப்பியைத் தூக்கிப் போடுங்க. அதுக்குச் செலவு பண்றது வீண். ஜனதாவுக்குத் தாராளமா புது டயல் போடுங்க. எங்கப்பாவோட எச்.எம்.டி. காஞ்சனுக்கு அப்படித்தான் போட்டோம், கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போனா எல்லாரும் புதுசான்னு கேக்கறாங்க. கட்டுறதுக்குத்தானே வாட்ச், நல்லா இருந்தாத்தானே கட்டத் தோணும்?

---

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

தம்பி, மாமாவின் ஜனதாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். டயலை மாற்ற வேண்டாம். கேஸை பாலிஷ் போடும் பஃப் மெஷினில் வைக்கவும் சம்மதிக்காதீர்கள். காலைநடை சொல்வதில் நியாயம் இருக்கிறது, கட்டுவதற்குத்தான் வாட்ச். ஆனால் புது டயல் என்று கடையில் சொல்வது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு, ஜப்பான் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. அப்புறம் புது டயல் எங்கிருந்து வரும்? பழைய ஸ்டாக் கொஞ்சம் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் சுலபத்தில் கொடுக்க மாட்டார்கள். மற்றதெல்லாம் பழைய டயலைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, அதன் மேல் எழுத்தை அச்சடித்தது. சில இடங்களில் நீங்கள் கொடுத்த டயலையே சுரண்டிவிடுவார்கள். சுரண்டிய பிறகு மாமா இத்தனை வருஷம் பார்த்த முகம் திரும்பி வராது.

வித்தியாசத்தை நீங்களே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. ஜனதா டயலில் 'பாரா ஷாக்' என்று பொடியாக இருக்கும் எழுத்தைப் பாருங்கள். பேக்டரி அச்சில் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் சீராக நிற்கும். மறுபடி அச்சடித்ததில் மை கசிந்து, எழுத்தின் உள்வட்டம் அடைந்து, நிமிஷக் கோடுகள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும். சில டயல்களில் கோட்டுக்கு நேராக முள் வந்து நிற்காது. கை தூரத்தில் இது தெரியாது. ஒரு தடவை லென்ஸில் பார்த்தவருக்கு அதன் பிறகு வெறும் கண்ணிலேயே தெரியும்.

ஆறு மணிப் பக்கத்துப் புள்ளிகள் ஈரம் உள்ளே போன தடம். டயலை விட எனக்கு அதன் பின்னால் இருப்பதைப் பற்றித்தான் கவலை. சாவித் தண்டிலும், முள் திருப்பும் சின்னச் சக்கரங்களிலும் துரு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று நாலு நிமிஷம் பின்தங்குவது பெரும்பாலும் எண்ணெய் காய்ந்ததால். இங்கேதான் நல்ல கையும் மோசமான கையும் தெரியும். முழு சர்வீஸ் என்றால் மெஷினை ஒவ்வொரு சக்கரமாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே எண்ணெய் விட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சில மாதம் ஓடும், பிறகு பழைய அழுக்கும் புது எண்ணெயும் சேர்ந்து பசையாகிவிடும். ஜனதாவில் 17 கல். சக்கரத்தின் ஊசி முனை சுற்றுவது அந்தக் கல்லின் துளையில்தான். கூராகச் சீவிய மெல்லிய மரக்குச்சியைத் துளைக்குள் விட்டு ஒரு திருகு திருகினால் முனை பழுப்பாக வெளியே வரும். மறுபடி சீவி, மறுபடி விட்டு, முனை வெள்ளையாக வரும் வரை ஒவ்வொரு துளைக்கும் இதைச் செய்ய வேண்டும். பிறகு எண்ணெய். கல்லின் மேல் ஒரு குட்டிக் குழி இருக்கும், அதில் பாதிக்குச் சற்று மேலே நின்றால் போதும். நிரம்பினால் வழிந்து பரவிவிடும், ஊசி முனை மறுபடி வறண்டுபோகும். மோபியஸ் கம்பெனி எண்ணெயில் சக்கரங்களுக்கு 9010, சாவி ஏறும் சுருளான மெயின்ஸ்பிரிங்குக்கு 8200, சக்கரத்தை விட்டு விட்டுப் பிடிக்கும் பேலட் கல்லுக்கு 9415 என்று தனித்தனி. கடையில் "என்ன எண்ணெய் போடுவீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கண்ணாடி பிளாஸ்டிக் வகை. வெள்ளை டூத்பேஸ்ட்டைப் பஞ்சில் தொட்டு வட்டமாகப் பொறுமையாகத் தேய்த்தால் முக்கால்வாசிக் கீறல் போய்விடும். சாவி இருக்கும் பக்கம் பேஸ்ட் இறங்காமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். விரிசல் விட்டிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். கண்ணாடி, ஸ்ட்ராப், மெயின்ஸ்பிரிங் எல்லாம் தேயவென்றே இருப்பவை. டயலும் முள்ளும் கேஸும் அப்படியல்ல.

சாவி கொடுப்பது தினமும் ஒரே நேரத்தில், காலையில். கையிலிருந்து கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கட்டியபடியே திருகினால் தண்டு ஒரு பக்கமாக அழுந்தித் தேயும். விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

பைலட்டுக்கு வருகிறேன். பச்சை டயலும் பட்டாளச் சின்னமும் வைத்து நெட்டில் வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை பிற்பாடு அச்சடித்தவை. மும்பையில் இது பெரிய தொழில், உலகம் முழுக்க வாட்ச் சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே சொல்வார்கள். சீக்கோ 5, பாவ்ர் லூபா போன்ற வாட்ச் எல்லாவற்றுக்கும் இப்படி முகம் மாற்றுகிறார்கள். வருத்தப்பட வேண்டாம்: உள்ளே இருப்பது பெரும்பாலும் அசல் எச்.எம்.டி. மெஷின்தான், பழகினால் நன்றாக உழைக்கும். பின்மூடியைத் திறந்து எச்.எம்.டி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய விலை அந்த மெஷினுக்குச் சரி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது விற்றால் டயல் அசல் இல்லை என்று சொல்லி விற்க வேண்டும், இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேகத்துக்குக் காரணம் உங்கள் ஸ்பீக்கர் என்று நினைக்கிறேன். அதில் காந்தம் இருக்கிறது. ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி, நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் வேகமாக ஆடும். சாதாரணத் திசைகாட்டி ஒன்றின் மேல் வாட்ச்சை மெதுவாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் நன்றாகத் திரும்பினால் காந்தம்தான். அதை எடுக்கும் சின்னக் கருவி எல்லா ரிப்பேர் மேசையிலும் இருக்கும், சில நொடி வேலை. கருவியின் பட்டனை அழுத்தியபடியே வாட்ச்சை மெதுவாகத் தூக்கி, தூரமாகக் கொண்டுபோன பிறகுதான் பட்டனை விட வேண்டும். காந்தம் எடுத்தும் வேகம் குறையவில்லை என்றால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அதற்கு மெஷினைப் பிரித்துக் கழுவ வேண்டும்.

துபாய் காப்பி. தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதன் உள்ளேயும் ஒரு மெஷின் ஓடுகிறது. முதலில் கையால் முப்பது சுற்றுச் சாவி கொடுத்து மேசையில் வையுங்கள். ஒன்றரை நாள் ஓடினால் மெஷின் நல்லது. கட்டியிருக்கும்போது போதிய அளவு சாவி ஏறவில்லை என்று அர்த்தம். இந்தக் காப்பிகள் பலவற்றில் ஸ்விஸ் ஈட்டா கம்பெனியின் 2824 என்ற மெஷினின் சீன நகல் இருக்கும். அசல் 2824 முழுச் சாவியில் சுமார் 38 மணி நேரம் ஓடும். அந்த வகைக்கு ஒரு பலவீனம் உண்டு: கை அசைவில் சுற்றும் ரோட்டர் தகட்டின் ஆட்டத்தைச் சாவியாக மாற்றும் ரிவர்ஸர் சக்கரங்கள் வறண்டுவிடும். கையால் சாவி கொடுக்கும்போது பின்னால் ரோட்டரும் சேர்ந்து சுழன்றால் அதுதான் கோளாறு.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், போலியைக் கையில் வாங்க மாட்டார்கள். தண்ணீரில் போடாதீர்கள், டயலில் எத்தனை மீட்டர் எழுதியிருந்தாலும் சரி. தேதி மாற்றுவதாக இருந்தால் இரவு ஒன்பது முதல் விடிகாலை மூன்று வரை தொடாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தில் பல் பிடித்திருக்கும், கட்டாயப்படுத்தினால் உடையும். இந்தக் கடைசி விஷயம் அசல் ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றுக்கும் பொருந்தும்.

---

கோர்ட்டுவாசல் எழுதியது:

ஃபிட்டர் ஐயா சொன்னதோடு ஒன்று. காப்பியை யாருக்கும் விற்கப் போகாதீங்க. போலி வணிகக்குறி உள்ள பொருளை விற்றால், வணிகக்குறிச் சட்டம் 1999, பிரிவு 104-ன் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். பழைய பொருள் விற்கிற ஆப்பில் போடலாம்னு தோணினாலும் வேண்டாம்.

---

லாரிப்பட்டறை எழுதியது:

ஐயா, ரொம்ப நன்றி. விற்கிற எண்ணம் இல்லை, கோர்ட்டுவாசல் அண்ணா.

பைலட்டைத் திசைகாட்டி மேல கொண்டுபோனதும் முள் சட்டுனு திரும்பிடுச்சு. கடையில காந்தம் எடுத்தாங்க, இப்ப ஒரு நாளைக்கு நாற்பது செகண்ட்தான் வேகம். லென்ஸ் வாங்கிப் பார்த்தேன், பைலட் டயல்ல எழுத்தெல்லாம் கசிஞ்சு கிடக்கு. அதே லென்ஸ்ல மாமா ஜனதாவைப் பார்த்தா, பழுப்புக்கு நடுவுலயும் எழுத்து அவ்வளவு சுத்தமா இருக்கு! டயலைத் தொடப் போறதில்லை. எண்ணெய் என்னன்னு கேட்டதும் முதல் கடைக்காரர் கோபப்பட்டார். ரெண்டாவது கடையில பாட்டிலையே எடுத்துக் காட்டினாங்க, அங்கதான் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கேன். காப்பியில நீங்க சொன்ன மாதிரியே ரோட்டர் சேர்ந்து சுத்துது.

ரெண்டு சந்தேகம். பைலட்டுக்குள்ள கூட்டல் கழித்தல் போட்ட குட்டி நெம்புகோல் ஒண்ணு இருக்கே, அதை நானே நகர்த்தி நாற்பது செகண்டைச் சரி பண்ணலாமா? ஜனதாவுக்கு எத்தனை மில்லிமீட்டர் ஸ்ட்ராப்?

---

திருவெறும்பூர் ஃபிட்டர் எழுதியது:

ஸ்ட்ராப் 18 மி.மீ. வெயில் காலத்தில் தோல் வேண்டாம், வியர்வையை உறிஞ்சிப் பின்மூடியிலேயே வைத்திருக்கும். நைலான் போடுங்கள், வாரம் ஒரு முறை துவைத்துக்கொள்ளலாம்.

காப்பிக்கு ரிவர்ஸர் சக்கரங்களை மட்டும் கழற்றிக் கழுவி எண்ணெய் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் செலவு இழுத்தால் நிறுத்திவிட்டு, கையால் சாவி கொடுத்தே கட்டுங்கள்.

நெம்புகோலை இப்போது தொடாதீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ஹேர்ஸ்பிரிங் இருக்கிறது, கை நழுவினால் நாற்பது செகண்டோடு நிற்காது. சாவி கொடுத்து ஓடும் வாட்ச்சை எந்த நிலையில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் வேகம் மாறும். இன்றிரவு டயல் மேலே பார்க்கும்படி வையுங்கள், நாளை சாவி மேலே இருக்கும்படி, அடுத்த நாள் சாவி கீழே. காலையில் செல்போன் மணியோடு ஒப்பிட்டு, எந்த நிலையில் எத்தனை செகண்ட் என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஏதாவது ஒரு நிலையில் வேகம் தானாகக் குறைந்தால் இரவில் அப்படியே வைத்தால் போதும், நெம்புகோலைத் தொடும் தேவையே இல்லை. குறையவில்லை என்றால் அந்தக் கணக்கை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.