58 வயசு நெருங்குது: பழைய இரண்டு கம்பெனி பிஎஃப்-ஐயும் பென்ஷன் சர்வீஸையும் இப்போதைய கணக்கோட சேர்ப்பது எப்படி?

கேள்வி (கேட்பவர்: நூல்கண்டு)

வணக்கம். 2027 ஆகஸ்ட்ல 58 வயசு (பென்ஷன் வயசு) முடியுது. மூணு இடத்து சர்வீஸ்:

அ) ஏப்ரல் 1999 – மார்ச் 2004. கம்பெனி மூடிட்டாங்க. கையில படிவம் 23 (வருடாந்திர பிஎஃப் கணக்கு) சிலிப் ஒண்ணு மட்டும் இருக்கு.
ஆ) ஜூன் 2005 – மே 2009. பிஎஃப் பணத்தைத் தானே நிர்வகிக்க சொந்த டிரஸ்ட் வைத்திருந்த கம்பெனி.
இ) செப்டம்பர் 2010 முதல் இன்று வரை. யுஏஎன் (பிஎஃப் கணக்குகளை இணைக்கும் பொது எண்) இதுக்கு மட்டும்தான்.

'ஆ'-வுக்கு ஆன்லைன்ல டிரான்ஸ்ஃபர் போட்டேன், பெயர் பொருந்தலைன்னு தள்ளுபடி. 'அ'-வை எங்கிருந்து தொடங்கறதுன்னே தெரியல. இத்தனை அலைச்சலுக்கு பென்ஷன்ல எவ்வளவு கூடும்?

பதில் (பேரேடு)

கூடும் தொகையை முதல்ல பாருங்க, அலையத் தெம்பு வரும். பென்ஷன் = சம்பளம் × சர்வீஸ் ÷ 70. 1.9.2014-க்கு முந்தைய சர்வீஸுக்கு சம்பள உச்சம் 6,500, அதற்குப் பிறகு 15,000. உங்க சம்பளம் உச்சவரம்பைத் தாண்டியதுன்னு வைத்துக்கொண்டால்:

இப்போதைய கம்பெனி மட்டும்: 4 × 6,500 ÷ 70 = 371, 13 × 15,000 ÷ 70 = 2,786. மொத்தம் மாதம் 3,157 ரூபாய்.
பழைய 9 வருடம் சேர்ந்தால்: 9 × 6,500 ÷ 70 = 836 கூடும்.

அதைவிட முக்கியம், இப்போ 17 வருடம்தான். பழையது சேர்ந்தால் 26. சர்வீஸ் 20-ஐத் தாண்டி 58-ல் பென்ஷன் வாங்குபவருக்கு 2 வருடம் போனஸாகச் சேர்த்துக் கணக்கிடுவாங்க. 17-ல் நின்றால் அது கிடையாது. உங்களுக்குப் பிறகு துணைவருக்கு வருவது உங்க பென்ஷனில் பாதி. அதனால் இந்த வித்தியாசம் இரண்டு பேர் ஆயுசுக்கும் தொடரும்.

பதில் (தறிமேடை)

'அ'-வில் என்ன பெரிய தொகை இருக்கப் போகுது சார். படிவம் 19-ம் (பிஎஃப் எடுக்க) 10சி-யும் (பென்ஷன் பணம் எடுக்க) போட்டு எடுத்துட்டு நிம்மதியா இருங்க.

பதில் (பேரேடு)

தயவுசெய்து அதைச் செய்யாதீங்க. 10சி-யில் பென்ஷன் பணத்தை எடுத்தால் அந்த 5 வருட சர்வீஸ் அழிந்துவிடும். மொத்த சர்வீஸ் 10 வருடம் ஆனவருக்கு விதிப்படி அப்படி எடுக்கவும் முடியாது. கணக்குகள் இணையாமல் தனித்தனியா கிடப்பதால்தான் அந்த வழி திறந்திருப்பது போலத் தெரியுது.

பதில் (சம்பளப்பிரிவு)

'ஆ' பற்றி. நம்ம ஊர்க்காரங்களுக்குப் பாதி தள்ளுபடி இனிஷியலால்தான். பழைய பேரேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து பின்னால் நிற்கும். கணினிக்கு இரண்டும் வேறு ஆள். பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பிட்டுப் பாருங்க. பெயரை மட்டும் திருத்திப் போட்டால் அடுத்து பிறந்த தேதிக்குத் திரும்பி வரும்.

திருத்தத்துக்குக் கூட்டு உறுதிமொழி, அதாவது ஜாயின்ட் டிக்ளரேஷன். 'ஆ' பழைய கணக்கு என்பதால் அந்தக் கம்பெனி, டிரஸ்ட் இரண்டின் கையெழுத்தும் தேவைப்படலாம். டிரஸ்டுக்கே நேராக எழுதி, அவங்க பதிவேட்டில் உங்க பெயர் எப்படி இருக்குன்னு கேட்டு வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு. டிரஸ்ட் வைத்திருந்தது பிஎஃப் பணத்தை மட்டும்தான். பென்ஷன் பங்கு அப்பவே இபிஎஃப்ஓ-வுக்கு (அரசின் பிஎஃப் அமைப்பு) போய்விட்டது. டிரஸ்டிலிருந்து பணம் வந்துவிட்டதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுபவர்கள் நிறைய. கூடவே அனெக்ஸர் கே (கணக்கு மாற்ற விவரத் தாள்) வர வேண்டும். அதில் சர்வீஸ் காலமும், சம்பளமில்லாத நாட்களும் (என்சிபி நாட்கள்) பதிவாகியிருக்கணும். பணம் வந்து சர்வீஸ் வராமல் போனால் பென்ஷன் கணக்கில் 4 வருடம் காணாமல் போகும்.

மாற்றிய பிறகு பிஎஃப் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் பூஜ்யம் தெரிந்தால் பதற வேண்டாம். பென்ஷன் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதில்லை, சர்வீஸ்தான் மாறும்.

பதில் (பேரேடு)

'அ'-வுக்கு அந்த படிவம் 23 தங்கம். அதில் உள்ள எண்ணை முழு வடிவத்துக்குக் கொண்டுவாங்க: மண்டலம் 2 எழுத்து, அலுவலகம் 3 எழுத்து (டிஎன்-எம்ஏஎஸ் என்றால் சென்னை), நிறுவன எண் 7 இலக்கம், நீட்சி 3, உறுப்பினர் எண் 7. இலக்கம் குறைந்தால் முன்னால் பூஜ்யம் நிரப்பணும். நீட்சி இல்லையென்றால் 000. நிறுவனப் பெயரை இபிஎஃப்ஓ தளத்தின் நிறுவனத் தேடலில் போட்டு எண் ஒத்துப்போகுதான்னு சரிபார்க்கவும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: 2004-ல் விலகியபோது ஏதாவது பணம் வாங்கினீங்களா?

கேட்டவர் (நூல்கண்டு)

பிஎஃப் வந்த ஞாபகம் இருக்கு. பழைய பேங்க் பாஸ்புக்ல 2004 நவம்பரில் ஒரே ஒரு வரவு தெரியுது.

பதில் (பேரேடு)

நல்ல சேதி. 19-ம் 10சி-யும் தனித்தனி வரவாக வரும். ஒன்றுதான் என்றால் பிஎஃப் மட்டும் முடிந்து, பென்ஷன் சர்வீஸ் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். உறுதிப்படுத்த 'அ' கணக்கு இருந்த பிஎஃப் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு: "இந்த உறுப்பினர் எண்ணுக்கு 10சி தீர்வு செய்யப்பட்டதா, எந்தத் தேதியில், எவ்வளவு?" 30 நாளில் பதில் தரணும்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதால் படிவம் 13-ல் (கணக்கு மாற்றும் படிவம்) மாற்ற ஒன்றுமில்லை. 10சி-யிலேயே பணத்துக்குப் பதில் 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' (பென்ஷன் சர்வீஸுக்கான சான்றிதழ்) கேட்டு விண்ணப்பிக்கணும். கம்பெனி இல்லாததால் உங்க வங்கி மேலாளரோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பமிடலாம். கேன்சல் செய்த காசோலை, ஆதார் நகல், படிவம் 23 நகல் இணைக்கவும். அசலைக் கொடுத்துவிடாதீங்க. வரும் சர்டிஃபிகேட்டை பத்திரமா வைத்திருந்து 58-ல் படிவம் 10டி-யோடு (பென்ஷன் விண்ணப்பம்) சேர்த்துக் கொடுத்தால் அந்த 5 வருடம் கூடிவிடும்.

கேட்டவர் (நூல்கண்டு)

இன்னும் நேரம் இருக்கே, 10டி போடும்போது சேர்த்தே பார்த்துக்கலாமா?

பதில் (சம்பளப்பிரிவு)

வேண்டாம். பென்ஷன் ஆணை ஒருமுறை வந்த பிறகு விட்டுப்போன சர்வீஸைச் சேர்ப்பது முழு மறுகணக்கீடு. இந்த வாரமே உறுப்பினர் தளத்தில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து, 'இ'-யில் இபிஎஃப் சேர்ந்த தேதிக்குப் பக்கத்தில் இபிஎஸ் (பென்ஷன் திட்டம்) சேர்ந்த தேதியும் இருக்குதான்னு பாருங்க. காலியாக இருந்தால் இப்போதைய கம்பெனி வழியாகத் திருத்தணும். பாஸ்புக்கில் மாதம் 1,250 ரூபாய் பென்ஷன் பங்காகப் போகுதான்னும் பாருங்க. அது சரியாக இருந்தால் அன்றைக்கே தகவல் மனுவைப் பதிவுத் தபாலில் போட்டுடுங்க. 'ஆ'-வின் திருத்தமும் அதோடு நடக்கட்டும்.