டர்ட்டி கவ் பேட்ச்: ஃபோல்_ரைட்டை அப்படியே விட்டால் என்ன?

அரைபைட்:
எங்கள் டேட்டா லாகர் பெட்டியில் ஓடுவது 3.10 லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி). சிப் கொடுத்தவர்கள் அதற்குமேல் தரப்போவதில்லை. அதனால், எழுத அனுமதி இல்லாத கோப்பிலும் சாதாரணப் பயனரை எழுதவிடும், 2016-இல் வெளிவந்த டர்ட்டி கவ் ஓட்டையை நானேதான் அடைக்க வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லைனஸின் பேட்ச் ஜியுபி.சி கோப்புக்கானது; 3.10-இல் அந்தக் கோப்பே கிடையாது, எல்லாம் மெமரி.சி-க்குள் கிடக்கிறது. சரி, இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் சந்தேகம் வேறு. காப்பி-ஆன்-ரைட் (எழுதும்போது தனிப் பிரதி எடுப்பது) முடிந்ததும், "எழுதக் கேட்கிறேன்" என்று சொல்லும் ஃபோல்_ரைட் ஃப்ளாகைக் கழற்றும் ஒரு வரிதானே வினை? அதை நீக்கினால் போதாதா? ஃபோல்_கவ் என்று புது ஃப்ளாக் எதற்கு?

பேஜ்ஃபால்ட்_பெரியப்பா:
நீக்கிவிட்டு ஜிடிபி டீபக்கரில் ஒரு பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் இடம்) வைத்துப் பாருங்கள் தம்பி; அது நிரலின் நினைவகத்தில் எழுதும். ஒரு சிபியு முழுக்க அங்கேயே சுற்றும். நிரலின் கட்டளைகள் இருக்கும் டெக்ஸ்ட் பகுதிக்கு எழுதும் அனுமதி இல்லை. அனுமதியை மீறிக் கேட்கும் ஃபோல்_ஃபோர்ஸ் ஃப்ளாக் இருப்பதால் கெர்னல் தனிப் பிரதி எடுத்துத் தருகிறது, ஆனால் அந்தப் பக்கத்துக்கான பிடிஇ-யில் (பேஜ் டேபிள் பதிவு) ரைட் பிட் ஏறவே ஏறாது. பக்கத்தைத் தேடித்தரும் ஃபாலோ_பேஜ் கைவிரிக்கும், மறுபடி ஃபால்ட், மறுபடி கைவிரிப்பு. இதைத் தவிர்க்கத்தான் "பிரதி எடுத்தாச்சு, இனி படிப்பதாகவே வைத்துக்கொள்" என்று ஃப்ளாகைக் கழற்றினார்கள்.

அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட் மேட்வைஸ் அழைப்பு மூலம் டோன்ட்நீட் (இது வேண்டாம்) சொல்லிப் பிரதியைத் தூக்கிவிட்டால் போச்சு. அடுத்த சுற்றில், படிக்கத்தானே கேட்கிறான் என்று பேஜ் கேஷில் (கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) உள்ள அசல் பக்கத்தையே கெர்னல் நீட்டிவிடும். எழுதுவது அதில் போய் விழும், ரூட்டின் கோப்பாக இருந்தாலும்.

புது பேட்ச்சில் ஃபோல்_ரைட் கழலாது; பிரதி எடுத்தாச்சு என்பதை ஃபோல்_கவ் குறிக்கும். ரைட் பிட் இல்லாதபோது ஃபோர்ஸ், கவ் இரண்டும் இருந்து, பிடிஇ டர்ட்டியாகவும் (எழுதப்பட்டது என்ற குறியோடு) இருந்தால்தான் விடும். பிரதி போனால் டர்ட்டி பிட்டும் போச்சு, வேறு பிரதி எடுத்தாக வேண்டும். லைனஸ் 2005-லேயே ஒரு திருத்தம் போட்டார். ஐபிஎம் மெயின்ஃப்ரேமான எஸ்390-இல் சிக்கல் வந்து அதை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து 2016 வரை பதினொரு வருஷம்!

நள்ளிரவு_ஊப்ஸ்:
டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் (கெர்னல் தானாகவே தரும் பெரிய நினைவகப் பக்கம்) இருக்கிறதா? இருந்தால் அதற்கான ஃபாலோ_டிரான்ஸ்_ஹியூஜ்_பிஎம்டி ஃபங்ஷனையும் பாருங்கள். முதல் பேட்ச் அதைத் தொடவில்லை, பெரியப்பா சொன்ன லூப் அங்கே வந்தது. 2017-இல் அதே சோதனையை பிஎம்டி-க்கும் (பெரிய பக்கத்துக்கான பேஜ் டேபிள் பதிவு) போட்டார்கள். ஆனால் அங்கே வெறுமனே படித்தாலே டர்ட்டி பிட் ஏறிவிடும், அதனால் ஓட்டை இன்னொரு பக்கம் திறந்தது. அந்த வருஷ நவம்பரில்தான் அடைபட்டது.

அரைபைட்:
32-பிட் ஆர்ம், ஹியூஜ் பேஜ் இல்லை. தப்பித்தேன். அந்த லூப்பை நேரில் பார்த்தேன், டாப் கட்டளையில் ஜிடிபி-யின் சிபியு பயன்பாடு நூறு சதவீதம். ஃபோல்_கவ் போட்டபின் பிரேக்பாயின்ட் ஒழுங்காக நிற்கிறது. இரண்டு த்ரெட்களை மோதவிட்டு ஓட்டையைத் தேடும் ரேஸ் டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடப்போகிறேன்.