ஃப்ளிப் டர்ன்: கரணம் ஒரு நொடி, மீதியெல்லாம் முன்னும் பின்னும்

ஃப்ளிப் டர்ன் என்றால் சுவரருகே தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டு, சுவரைக் காலால் உதைத்துத் திரும்புவது. புதிதாக நீச்சல் போட்டிக்கு இறங்குபவர்கள் முதலில் கேட்பது ‘கரணம் எப்படிப் போடுவது’ என்றுதான். கரணத்துக்கு ஒரு நொடி போதும். நேரம் வீணாவது சுவருக்கு முந்தைய ஐந்து மீட்டரிலும் பிந்தைய பத்து மீட்டரிலும். 25 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் நீந்த 15 டர்ன். ஒவ்வொன்றிலும் அரை நொடி விட்டால் ஏழரை நொடி போச்சு. கை வீச்சைத் திருத்தி அந்த ஏழரை நொடியை மீட்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும்.

தரையிலுள்ள கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே ஒரு குறுக்குக் கோட்டில் முடியும். அதுதான் உங்கள் அடையாளம். தலை அதைத் தாண்டியதும் பெரும்பாலானோருக்கு இன்னும் ஒரு கை வீச்சுதான் மிச்சம். உயரமானவர்கள் அதற்கு முன்பே சுருள வேண்டியிருக்கும். சுவரை நிமிர்ந்து பார்க்காதீர்கள். தலை தூக்கினால் இடுப்பு அமுங்கி, வேகம் அங்கேயே செத்துவிடும். கடைசி இரண்டு கைக்கு மூச்சும் வேண்டாம்.

இரண்டு கையும் தொடையருகே வந்ததும் தாடையை நெஞ்சோடு ஒட்டி, சின்னதாக ஒரு டால்ஃபின் கிக் (இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் உதை). உள்ளங்கையைத் தரைநோக்கித் திருப்பித் தண்ணீரைத் தலைப்பக்கம் தள்ளினால் உடம்பு தானாகச் சுழலும். கையை அகல விரித்துச் சுழல்பவர்கள் கோணலாகத்தான் வெளியே வருவார்கள். சுழலும்போது ‘ம்ம்’ என்று மூக்கு வழியாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீர் ஏறாது.

பாதம் நீர்மட்டத்துக்கு 30–40 செ.மீ. கீழே, இடுப்பு அகலத்தில், விரல்கள் மேல்நோக்கிப் பதிய வேண்டும். முழங்கால் மடிப்பு 90 டிகிரியைவிடச் சற்றே விரிந்திருக்கட்டும். முட்டி நெஞ்சில் இடித்தால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். நுனிவிரல் மட்டும் பட்டால் சீக்கிரமே சுருண்டுவிட்டீர்கள். புதியவர்கள் சுவரில் காலை வைத்துக்கொண்டே குப்புறத் திரும்பப் பார்க்கிறார்கள். வேண்டாம். மல்லாந்த நிலையிலேயே உதையுங்கள், சுவரை விட்டு விலகும்போது திரும்பிக்கொள்ளலாம். உதைத்ததும் நேரே மேலே வந்துவிட்டால் பாதம் தாழ்வாகப் பதிந்திருக்கிறது. தரையை நோக்கிப் போனால் பாதம் உயரத்தில் இருக்கிறது, அல்லது கைநுனி கீழே பார்க்கிறது.

—

மறுமொழி: உதைத்த பிறகு நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு லேப் முழுவதிலும் நீங்கள் அதிக வேகத்தில் இருப்பது சுவரை விட்டு விலகும் அந்தக் கணத்தில்தான். ஸ்ட்ரீம்லைன், அதாவது உடம்பை அம்புபோல் நீட்டிய நிலை, சரியாக இருந்தால்தான் அந்த வேகம் நிலைக்கும்: ஒரு கைமேல் இன்னொரு கை, மேல்கையின் கட்டைவிரல் கீழ்க்கையைப் பூட்ட, புஜங்கள் காதுக்குப் பின்னால். தலை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் மீதி எதுவும் பலன் தராது.

தண்ணீருக்கடியில் 15 மீட்டர் வரை போகலாம் என்பது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), பட்டர்ஃப்ளைக்கு உரிய விதி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேவிட் பெர்காஃபும் டைச்சி சுசுகியும் பேக்ஸ்ட்ரோக்கில் பாதிக் குளத்துக்கு மேல் அடியிலேயே போனதால் முதலில் பேக்ஸ்ட்ரோக்குக்கு வந்த கட்டுப்பாடு அது; மற்றவற்றுக்குப் பிறகுதான் வந்தது. ஆனால் அது உச்சவரம்புதான், உங்கள் இலக்கு இல்லை. டால்ஃபின் கிக் இன்னும் பலமாகாதவர்கள் மூன்று நான்கு கிக்கோடு 6–8 மீட்டரில் மேலே வருவதே லாபம். நீந்தும் வேகத்துக்கு இறங்கும்வரை சறுக்கிக்கொண்டிருக்காமல், அதற்குச் சற்று முன்பே கிக்கைத் தொடங்குங்கள். மேலே வந்த முதல் கையில் மூச்சு எடுக்காதீர்கள்.

மூச்சடக்கிப் பழகுவதைத் தனியாகச் செய்யவே கூடாது. தொடங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிடும் பழக்கம் ஆபத்து. மூச்சுவிடத் தூண்டும் உணர்வு வருமுன்பே நினைவு தப்பிவிடும்.

—

மறுமொழி: பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளையில் டிஸ்குவாலிஃபை ஆவதற்குப் பெரிய காரணம் சுவர்த் தொடுகை. இரண்டு கையும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல் படவேண்டும். ஒரே உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. தொட்டதும் விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறாதீர்கள். ஒரு முழங்கையை உடனே பின்னால் இழுத்து, முட்டியை வயிற்றுக்குக் கொண்டுவந்து, மறுகை காதோரமாக நீருக்கு மேலே வர, பக்கவாட்டில் அமிழுங்கள்.

பேக்ஸ்ட்ரோக்கில் சுவர் நெருங்குவதைக் காட்ட, குளத்துக்குக் குறுக்கே மேலே கட்டிய கொடிக்கயிறு சுவரிலிருந்து 5 மீட்டர். கொடியிலிருந்து எத்தனை கை என்று போட்டி வேகத்தில் எண்ண வேண்டும். நிதானமாக நீந்தும்போது எண்ணினால் கணக்கு மாறிவிடும். குப்புறத் திரும்பியதும் ஒரே தொடர்ச்சியான கை இழுப்போடு டர்னுக்குள் போய்விடவேண்டும். திரும்பிவிட்டுச் சும்மா கிக் அடித்துச் சுவரை நெருங்கினால் நடுவர் தவறு என்று கை தூக்கிவிடுவார்.

அபார்ட்மென்ட் குளத்திலும் ஹோட்டல் குளத்திலும் பழகிவிட்டு சென்னை வேளச்சேரி 50 மீட்டர் குளத்துக்கு வருபவர்கள் கவனிக்க: அங்கே பழகிய கைக்கணக்கு இங்கே செல்லாது. போட்டிக்கு முன் வார்ம்-அப்பில் இரண்டு சுவரிலும் வேகமாக டர்ன் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் டைல்ஸ் வழுக்கும், இன்னொன்றில் டச்பேட் (தொட்டதும் நேரத்தைப் பதியும் பலகை) இருக்கும். ஆழம் குறைந்த குளத்தில் ஸ்டார்ட் டைவ் பழகவே வேண்டாம். உலக நீச்சல் விதிப்படி ஸ்டார்ட் மேடைக்கு முன்னால் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும்.

—

மறுமொழி: வேகம் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு கைக்கு எவ்வளவு தூரம், நிமிடத்துக்கு எத்தனை கை, இந்த இரண்டின் பெருக்கல்தான் வேகம். புதியவர்கள் வேகமாகப் போகச் சொன்னால் கையைத்தான் வேகமாகச் சுழற்றுவார்கள். முழங்கை கீழே விழும், உள்ளங்கை தண்ணீரை வழுக்கிவிடும். 25 மீட்டர் நேரத்தையும் கை எண்ணிக்கையையும் கூட்டி வையுங்கள். 22 நொடி, 22 கை என்றால் 44. கை கூடினாலும் கூட்டுத்தொகை குறைந்தால் முன்னேற்றம். இரண்டும் கூடினால் வெறும் அலைச்சல்.

இன்னொன்று, எல்லா செட்டையும் ஒரே நடுத்தர வேகத்தில் நீந்துவது. அது களைப்பைத் தரும், வேகத்தைத் தராது. வாரத்தில் இரண்டு நாள் எட்டு முறை 15 மீட்டர், முழு வேகத்தில், இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் அது வேறு பயிற்சி ஆகிவிடும்.

டர்னுக்குத் தனி செட்: சுவரிலிருந்து 10–12 மீட்டர் தள்ளி நடுக்குளத்தில் தொடங்கி, வேகம் எடுத்து, திரும்பி, அதே இடம் வரை. ஆறு முறை. கரையிலிருந்து ஒருவர், போகும்போது தலை கொடியைக் கடந்ததிலிருந்து வரும்போது மறுபடி கொடியைக் கடக்கும்வரை நேரம் எடுக்கட்டும். ஃபோனில் பக்கவாட்டிலிருந்து வீடியோவும் எடுக்கச் சொல்லுங்கள். தலை தூக்குவதை நீந்துபவர் தானாக உணர்வதேயில்லை. சாதாரண லேப்களில் சோம்பேறித்தனமாகச் சுவரைப் பிடித்துத் திரும்பினால் இந்த ஆறும் வீண். போட்டியில் கடைசி 50 மீட்டரில் உடம்பு செய்வது, தினமும் நூறு முறை செய்ததைத்தான்.