கராஜ் கதவு மூடும்போது பாதியில் திரும்பி மேலே போகிறது, அவசரம்

வெண்பொங்கல்:
கராஜ் கதவு மூட மாட்டேன் என்கிறது. பட்டனை அமுக்கினால் கொஞ்சம் இறங்குகிறது, உடனே திரும்பி மேலே போய்விடுகிறது. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிப் பார்த்தேன். எண்ணெயும் விட்டாயிற்று. காலையில் நன்றாகத்தான் மூடியது. ராத்திரி இப்படித் திறந்து போட்டுவிட்டுத் தூங்க முடியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்:
எங்கள் கார் ஷெட்டிலும் இதே கதைதான் நண்பா. இரண்டு பக்கமும் இருக்கிற சானலில் மண் அடைத்திருக்கும். அதோடு மழைத்தண்ணீர் தெறித்துத் தெறித்து ஷட்டரின் கடைசித் தகடு துருவேறி, ஓரம் விரிந்துகொள்ளும். அது சானலில் உரசி நின்றுவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சானலைத் துடையுங்கள், விரிந்த ஓரத்தைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நேராக்குங்கள். ஷட்டர் எத்தனை அடி? சங்கிலியா, கையால் இழுப்பதா?

வெண்பொங்கல்:
ஷட்டர் இல்லைங்க. பலகை பலகையாகக் கூரைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் கதவு. மோட்டார் உண்டு.

நட்டும்போல்ட்டும்:
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். எந்த ஊர், என்ன மோட்டார், எத்தனை வருஷப் பழசு, ஒரு கார் கதவா இரண்டு கார் கதவா, ஒன்றும் சொல்வதில்லை. வெறுமனே 'மூடவில்லை' என்றால் சோழி உருட்டியா பார்ப்பது? பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். தேடல் பெட்டி சும்மா அழகுக்கு வைத்திருக்கவில்லை.

திருகாணி:
இதற்கு எதற்கு இத்தனை விசாரணை? ஸ்பிரிங்தான். கதவுக்கு மேலே குறுக்காக ஒரு தண்டும், அதைச் சுற்றி முறுக்கிய ஸ்பிரிங்கும் இருக்கும் பாருங்கள். கதவின் கனத்தைத் தாங்குவது அதுதான், மோட்டார் இல்லை. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவை ஏறி இறங்கத்தான் செய்யப்பட்டது. நாளைக்கு 4 தடவை என்றால் ஏழு வருஷம் வராது. சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவை விடுவியுங்கள், கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கி விடுங்கள். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கீழே விழுந்தால் நான் சொன்னதுதான்.

மாலதி_பா:
வெண்பொங்கல், தயவுசெய்து இப்போது அதைச் செய்யாதீர்கள். உங்கள் கதவு திறந்து நிற்கிறது. திருகாணி சொல்வதுபோல ஸ்பிரிங் உடைந்திருந்தால், கயிற்றை இழுத்ததும் மொத்தக் கனமும் தடாலென்று இறங்கும். அந்தச் சோதனையைக் கதவு முழுக்க மூடியிருக்கும்போது மட்டும்தான் செய்ய வேண்டும்.

இரண்டு கேள்வி. கதவு திரும்பும்போது மோட்டார் விளக்கு விட்டு விட்டு மின்னுகிறதா? சுவரில் இருக்கிற பட்டனை, கதவு தரையைத் தொடும்வரை விடாமல் அமுக்கிப் பிடித்தால் மூடுகிறதா?

வெண்பொங்கல்:
மின்னுகிறது. அமுக்கிப் பிடித்தேன், மூடிவிட்டது!! நன்றிங்க. ஆனால் ரிமோட்டில் ஏன் வரவில்லை? டெக்சாஸ். 9 வருஷ மோட்டார்.

நட்டும்போல்ட்டும்:
ஆக, டெக்சாஸ். கொங்குக்காரரின் மண்ணெண்ணெய் பிழைத்தது.

மாலதி_பா:
அப்படியானால் பெரும்பாலும் சென்சார். கதவின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் சின்னப் பெட்டிகள் எதிரெதிராக இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் தடை வந்தால் கதவு திரும்பிவிடும். சுவர்ப் பட்டனை அமுக்கிப் பிடிக்கும்போது, ஆள் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று மோட்டார் அதைக் கண்டுகொள்ளாது. கண்ணாடியைத் துடையுங்கள், சிலந்தி வலை இருக்கும். இரண்டிலும் சின்ன விளக்கு நிலையாக எரிய வேண்டும்.

சுளுவழி:
ரொம்ப மெனக்கெடாதீர்கள். இரண்டு சென்சாரையும் கழற்றி, ஒன்றை ஒன்று பார்க்கிற மாதிரி டேப் சுற்றி மேலே வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை.

நட்டும்போல்ட்டும்:
உங்கள் வீட்டில் குழந்தை, நாய், பூனை எதுவும் கிடையாதா? குழந்தைகள் கதவுக்கு அடியில் சிக்கி இறந்ததால்தான் அமெரிக்காவில் 1993 முதல் தயாராகும் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு இந்தப் பாதுகாப்பைச் சட்டமாக்கினார்கள். அதை டேப் சுற்றி மேலே வைப்பாராம்!

சுளுவழி:
எதிலாவது முட்டினாலே கதவு திரும்பிவிடுமே, அப்புறம் என்ன?

நட்டும்போல்ட்டும்:
திரும்பும் என்று எப்போதாவது சோதித்தீர்களா? ஒன்றரை அங்குலக் கனமுள்ள கட்டையைத் தரையில் படுக்க வைத்து மூடிப் பாருங்கள். தொட்ட இரண்டு விநாடிக்குள் திரும்ப வேண்டும். மாதம் ஒருமுறை செய்ய வேண்டிய சோதனை இது. பதிலை இங்கேயே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கொங்குக்காரன்:
என் மண்ணெண்ணெயைக் கிண்டல் செய்தவர் ஒன்று சொல்லட்டும். வெண்பொங்கல் எண்ணெய் விட்டதாகச் சொன்னாரே, எதில் விட்டார்? கதவு ஓடுகிற தண்டவாளத்தில் விட்டால் புழுதி ஒட்டிப் பசையாகிவிடும். இங்கே ஷட்டர் சானலிலும் அப்படித்தான். அதனால்தான் துடைக்கச் சொன்னேன், ஊற்றச் சொல்லவில்லை.

நட்டும்போல்ட்டும்:
இது சரி. தண்டவாளத்தைத் துடைத்தால் போதும். கீல், உருளையின் பேரிங், ஸ்பிரிங், இவற்றுக்குத்தான் மசகு. அதுவும் சிலிகான் அல்லது லித்தியம் கிரீஸ் ஸ்ப்ரே. சமையல் எண்ணெய் விடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

திருகாணி:
சென்சார் சரியென்றே வைத்துக்கொண்டாலும் 9 வருஷ ஸ்பிரிங்கை யாராவது பாருங்கள்.

வெண்பொங்கல்:
துடைத்தேன். இரண்டு விளக்கும் எரிந்தன, ரிமோட்டில் மூடியது. இன்று ஆபீஸிலிருந்து வந்ததும் மறுபடி அதே தொல்லை. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் மூடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?

மாலதி_பா:
கதவு மேற்குப் பார்த்ததா? போன வாரம் இங்கே அமெரிக்காவில் குளிர்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்தோமே, அதிலிருந்துதானே இந்தத் தொல்லை?

வெண்பொங்கல்:
ஆமாம்!! மேற்குதான்.

மாலதி_பா:
அப்போது வெயில்தான். போன மாதம் நீங்கள் ஐந்து மணிக்கு வரும்போது சூரியன் மேலே இருந்தது. இப்போது அதே ஐந்து மணிக்கு அடிவானத்தில், அதுவும் தென்மேற்கில் நிற்கிறது. வடக்குப் பக்கத்தில் தெற்கைப் பார்த்தபடி இருக்கிற சென்சாரின் கண்ணுக்குள் நேராக அடிக்கும். அது ஒளி வாங்குகிற சென்சாராக இருந்தால் வெயிலில் குழம்பிவிடும். சாயங்காலம் அதன் முன்னால் கையை வைத்து நிழல் கொடுங்கள், விளக்கு உடனே நிலையாக எரிந்தால் சந்தேகமே இல்லை. அப்புறம் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சென்சாரையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். வாங்குவது தெற்குப் பக்கம் வரட்டும், அதற்கு முதுகில்தான் வெயில் படும். சிரமமாக இருந்தால் அட்டைக்குழாய்த் துண்டைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டினாலும் போதும், ஆனால் எதிரே வருகிற ஒளியை அது மறைக்கக்கூடாது.

நட்டும்போல்ட்டும்:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன்.

திருகாணி:
😂

வெண்பொங்கல்:
மாற்றினேன். மூடுகிறது. நன்றி மாலதி அக்கா.

சுளுவழி:
கட்டை வைத்துப் பார்த்தேன். கட்டையை அமுக்கிக்கொண்டு அப்படியே நின்றது, திரும்பவில்லை. இதற்கு எந்தத் திருகைத் திருப்ப வேண்டும்?

நட்டும்போல்ட்டும்:
முதலில் சென்சாரை அதன் இடத்தில் மாட்டுங்கள். அப்புறம் மோட்டார் என்ன, எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். தனி இழையில்.