எப்ரோ டெல்டாவில் ரோட் சைக்கிள்: காற்று, வாய்க்கால், நெருஞ்சி (ஓட்டியவர்களின் அனுபவப் பகிர்வு)

ஸ்பெயினின் வடகிழக்கில், கத்தலோனியாவின் தென்கோடியில் எப்ரோ ஆறு கடலில் கலக்கிறது. கழிமுகத்தில் சுமார் 320 சதுர கி.மீ. வண்டல் நிலம். அதில் பெரும்பகுதி நெல்வயல். மீதி உப்பேரியும் மணலும். ஒரு மேம்பாலத்தைத் தவிர ஏறுவதற்கு எதுவும் கிடையாது. அதனாலேயே தயாரிப்பு இல்லாமல் வந்து பாதி வழியில் திணறுபவர்கள் நிறைய. அங்கே ஓட்டியவர்கள் பாதை, காற்று, டயர், தண்ணீர் பற்றித் தெரிந்ததை எண்களோடு எழுதினால் புதிதாகப் போகிறவர்களுக்கு உதவும்.

* * *

முதலில் காற்று. தூரத்தைப் பார்த்துத் திட்டமிடாதீர்கள், காற்றைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

குளிர்காலத்தில் வீசுவது மெஸ்த்ரால். வடமேற்கிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் வறண்ட காற்று இது. ஆற்றின் மேல்பகுதியிலுள்ள அரகோன் மாநிலத்தில் இதையே சியெர்சோ என்பார்கள். இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்பதால் ஆற்றோர நகரமான டோர்டோசாவுக்கு மேலே ஒரு குழாயில் வருவதுபோல் வந்து, டெல்டாவின் வெட்டவெளியில் விரிகிறது. தடுக்க ஒரு மரவரிசைகூட இல்லை.

கணக்காகப் பார்ப்போம். காற்றில்லாத நாளில் 22 கி.மீ. வேகத்தில் போனால் முகத்தில் படும் காற்றும் 22. எதிரே 35 கி.மீ. காற்று வீசினால் அது 57. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் தடை 6 மடங்குக்கு மேல் போய்விடும். வேகத்தை 15-க்குக் குறைத்தாலும், காற்றை வெல்ல மட்டும் ஏறக்குறைய 3.5 மடங்கு சக்தி செலவாகும். ஆகவே எதிர்காற்றில் வேகமானியை மறந்துவிடுங்கள். நெஞ்சுத் துடிப்பை வைத்தோ, சக்திமானி இருந்தால் வாட் அளவை வைத்தோ ஓட்டுங்கள். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னே 19 முதல் 21 பல், மிதி நிமிடத்துக்கு 85 சுற்று. இது 17 முதல் 19 கி.மீ. கொடுக்கும், முழங்காலும் தப்பிக்கும். சமவெளிதானே என்று பெரிய பல்சக்கரத்திலேயே மிதிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு.

மெஸ்த்ரால் நாளில், டெல்டாவின் தலைப்பில் இருக்கும் அம்போஸ்டா நகரிலிருந்து முதலில் ஆற்றுக்கு எதிராக மேலே ஏறுங்கள். டோர்டோசா, பிறகு சேர்த்தா. உடம்பு புதிதாக இருக்கும்போதே எதிர்காற்று முடிந்துவிடும், திரும்பும்போது காற்று தள்ளிவிடும். சேர்த்தாவில் ஆற்றின் குறுக்கே உள்ள பழைய அணைக்கட்டைப் பாருங்கள். டெல்டாவின் இரண்டு பாசனக் கால்வாய்களும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. வலக்கரைக் கால்வாய் 1860-இல் வந்தது, இடக்கரைக் கால்வாய் 1912-இல். கீழே நீங்கள் பார்க்கும் அத்தனை நெல்லும் அந்தத் தண்ணீரில் விளைவதுதான்.

கோடையில் கணக்கு தலைகீழ். காலையில் காற்று அடங்கியிருக்கும், நடுப்பகலுக்குப் பிறகு கடல்காற்று எழும். அன்று காலையில் ரியுமார் கடற்கரைக்குப் போய், மதியம் கடல்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

* * *

மேலே எழுதியவர் எதிர்காற்றைச் சொன்னார். ஆபத்து அதிகம் பக்கக்காற்றில்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அம்போஸ்டாவிலிருந்து டெல்டாவின் நடுவில் உள்ள டெல்டெப்ரே ஊருக்குப் போகும் திசை கிழக்கு. மெஸ்த்ரால் இடப்பக்கம் பின்னாலிருந்து தள்ளும். உடம்பு தானாகவே இடப்பக்கம் சாய்ந்து சமன்செய்யும். அந்த நேரம் ஒரு லாரி முந்தினால் இடப்பக்கக் காற்று சட்டென்று நின்றுபோகும். சாய்ந்திருந்த சைக்கிள் லாரியை நோக்கி இழுபடும். லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து சாலையோர வாய்க்கால் பக்கம் தள்ளும். இரண்டும் ஓரிரு நொடிக்குள் நடக்கும். பின்னால் கனரக வண்டிச் சத்தம் கேட்டதும் கைகளை ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதிக்கு இறக்குங்கள், முழங்கையை மடக்குங்கள், பிடியைத் தளர்த்துங்கள். இறுகப் பிடித்தால் தோளின் அசைவு முழுவதும் முன்சக்கரத்துக்குப் போய்விடும்.

நாணல் வேலி முடியும் இடத்திலும் இதே கதைதான். வாய்க்கால் ஓரம் ஆளுயரத்துக்கு மேல் நாணல் நிற்கும். அதில் மதகுக்காகவோ டிராக்டர் வழிக்காகவோ இடைவெளி வரும் ஒவ்வொரு இடத்திலும் காற்று பாயும். 50 மி.மீ. ஆழ ரிம்மை (சக்கர வளையத்தை) முன்சக்கரத்தில் போட்டு வராதீர்கள். முன்னால் 30 மி.மீ. போதும்.

குழுவாகப் போனால் ஒரு சிக்கல். டெல்டெப்ரேயிலிருந்து திரும்பும்போது காற்று வலப்பக்கம் முன்னாலிருந்து வரும். அதன் மறைவு இடப்பக்கம் பின்னால், அதாவது சாலையின் நடுவை நோக்கி. பின்னால் வருபவர்கள் மறைவைத் தேடித் தேடி நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். சட்டம் இரண்டு பேர் இணையாகப் போகவே அனுமதிக்கிறது. நான்கு பேர் என்றால் இரண்டிரண்டாகப் போங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவரை மாற்றுங்கள். முன்னால் இருப்பவர் முடிந்தவரை சாலையின் வலப்பக்கமாக, பின்னவருக்கு இடப்பக்கம் இடம் விட்டு ஓட்ட வேண்டும்.

* * *

டயர் பற்றி.

இங்கே பஞ்சருக்கு முதல் காரணம் நெருஞ்சி. நம் ஊர் நெருஞ்சியேதான், அதே செடி. ஸ்பானிய மொழியில் அப்ரோஹோ. வயல்வழிகளின் ஓரத்திலும், வண்டி ஒதுங்கும் மண்திட்டிலும் படர்ந்திருக்கும். கோடைக் கடைசியில் காய் உலர்ந்ததும் முள் டயரில் ஏறும். படம் எடுக்கச் சாலையை விட்டு இறங்கும்போது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போங்கள், உருட்டாதீர்கள். முள் ஏறியிருந்தால் உடனே பிடுங்க வேண்டாம். ட்யூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத டயர்) என்றால் துளையைக் கீழ்ப்பக்கம் வைத்து, முள்ளை எடுத்து, உள்ளே இருக்கும் சீலன்ட் திரவம் துளையை அடைக்கும்வரை சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். டியூப் என்றால், புது டியூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு முள் தெரிந்தால் இன்னும் இரண்டு இருக்கும். அதைப் பார்க்காமல் போட்ட இரண்டாவது டியூபும் சில கி.மீ.க்குள் இறங்கிவிடும்.

28 மி.மீ. டயருக்குச் சீலன்ட் 30 முதல் 45 மி.லி. இந்த வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் அது உலர்ந்துவிடும். பயணத்துக்கு முன் வால்வு வழியாகக் கம்பி விட்டுச் சோதியுங்கள். காற்றழுத்தம்: 75 கிலோ எடை உள்ளவருக்கு 28 மி.மீ. என்றால் 70 பி.எஸ்.ஐ. சுற்றி, 32 மி.மீ. என்றால் 50 முதல் 55. முடிந்தால் 32 போடுங்கள். வண்டல்மேல் போட்ட சாலை அலையலையாக அமர்ந்திருக்கிறது, ஓரங்கள் உடைந்திருக்கின்றன, ஓரத்தைத் தாண்டினால் நேரே வாய்க்கால். பல இடங்களில் தடுப்பு இல்லை. உடைந்த விளிம்பிலிருந்து அரை மீட்டராவது உள்ளே ஓட்டுங்கள்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். டிராக்டர்கள் வயல் சேற்றைத் தார்ச்சாலைக்கு இழுத்து வரும். காய்ந்த சேறு சிக்கல் இல்லை. பனியில் நனைந்த காலைச் சேறு சோப்புபோல வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடியுங்கள், சேற்றின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். மழை பெய்த அன்று மண்வழி எதிலும் இறங்க வேண்டாம். களிமண் டயரில் சுற்றி, முன்கவைக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

த்ரபுகடோர் மணல்திட்டுக்கு ரோட் சைக்கிளில் போக நினைப்பவர்கள் திட்டத்தைக் கைவிடுங்கள். வெறும் மணலும் உப்புநீரும்தான். 2020 ஜனவரியில் குளோரியா புயலில் கடல் அதை உடைத்துக்கொண்டு போனது. மெக்கினென்சா, ரிபா-ரோஜா அணைகளில் வண்டல் தங்கிவிடுவதால் டெல்டாவுக்குப் புது மண் மிகக் குறைவாகவே வருகிறது. கடல் நிலத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. மனதை வருத்தும் விஷயம் இது. கடலோரம் போய்வந்த அன்றே சைக்கிளை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

* * *

பாதை கேட்டவருக்கு: அம்போஸ்டா, வலக்கரையில் சன்ட் ஜவுமே, பாலம் தாண்டி டெல்டெப்ரே, ரியுமார், திரும்ப டெல்டெப்ரே, இடக்கரை வழியாக அம்போஸ்டா. 50 கி.மீ. அளவில் வரும். சன்ட் ஜவுமேயையும் டெல்டெப்ரேயையும் இணைக்கும் லோ பஸ்ஸடோர் பாலம் 2010-இல் திறந்தது. அதற்கு முன் படகில்தான் கடக்க வேண்டும். அதற்குக் கீழே கடல்வரை வேறு பாலம் இல்லை. அதனால் கரை மாறுவதை அங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அம்போஸ்டாவில் 1921-இன் தொங்குபாலத்தைப் பயன்படுத்துங்கள். என்-340 நெடுஞ்சாலை லாரிகளின் சாலை, தவிர்க்கலாம். பூநாரை பார்க்க வேண்டுமென்றால் போப்ளெநோ பக்கம் போங்கள். இரண்டு பெரிய உப்பேரிகளுக்கு நடுவில் இருக்கிற ஊர்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வயலில் தண்ணீர் நிறைந்து வானம் முழுவதும் கீழே தெரியும். அந்த அழகுக்காகவே அந்த மாதங்களில் போகலாம்.

* * *

தண்ணீர்: இரண்டு புட்டி, ஒவ்வொன்றும் 750 மி.லி. வாய்க்கால் தண்ணீர் குடிக்கவே கூடாது, அது வயல் மருந்து கலந்து வரும் நீர். ஊர்க் குழாயில் ‘நோ பொதாபிளே’ என்று எழுதியிருந்தால் அதையும் விடுங்கள். சிற்றூர்க் கடைகள் மதியம் 2 மணி வாக்கில் அடைத்தால் 5 மணி ஆகும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறப்பதே இல்லை. மதுக்கடை என்று நினைத்து ‘பார்’களை ஒதுக்காதீர்கள், ரொட்டிக்குள் முட்டைப் பொரியல் வைத்துத் தருவார்கள், புட்டியில் தண்ணீரும் நிரப்பித் தருவார்கள்.

கொசு: ஜூன் முதல் அக்டோபர் வரை, மாலை மங்கும் முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். டீட் என்ற வேதிப்பொருள் கலந்த கொசுவிரட்டி கண்ணாடி, ஹெல்மெட் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அதற்குப் பதில் 20% இக்காரிடின் உள்ள கொசுவிரட்டியை வாங்குங்கள்.

* * *

சட்டம் பற்றிக் கொஞ்சம், பலருக்குத் தெரிவதில்லை. ஊருக்கு வெளியே சாலையில் ஹெல்மெட் கட்டாயம். காதில் ஒலிக்கருவி தடை. மது அளவு காரோட்டிக்கு உள்ளதேதான். முந்தும் வண்டி 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஒரே திசையில் இரண்டு தடம் இருந்தால், 2022 மார்ச் முதல், முழுத் தடமும் மாறித்தான் முந்த வேண்டும். இருட்டில் விளக்கும், 150 மீட்டரிலிருந்து தெரியும் பிரதிபலிப்பு உடையும் வேண்டும்.

சட்டம் கேட்காவிட்டாலும் பகலிலேயே பின்விளக்கை மினுக்க விடுங்கள். இங்கே சாலைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலையில் கடலை நோக்கிப் போகும்போது சூரியன் பின்னால் வரும் காரோட்டியின் கண்ணில் நேராக அடிக்கும். வயல்நீரும் அதே ஒளியை மேலே எறியும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புவது நல்லது.

* * *

இன்னொன்று: இறக்கமே இல்லாததால் இங்கே மிதிக்காமல் உருளும் நேரம் கிடைக்காது. மூன்று மணி நேரம் ஒரே உட்காரல். 10 நிமிடத்துக்கு ஒருமுறை 20 மிதி எழுந்து நின்று மிதியுங்கள், கைப்பிடி இடத்தை மாற்றுங்கள். சுண்டுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது என்று பொருள். சீட்டின் முனையை ஓரிரு மி.மீ. கீழே இறக்குவது அழுத்தத்தைக் குறைக்கும். அதற்குமேல் இறக்கினால் உடல் முன்னே சரிந்து எடை முழுவதும் கையில் விழும். அதற்கான 4, 5 மி.மீ. ஆலன் சாவிகளைப் பையின் அடியில் போடாமல் சட்டையின் பின்பையில் வையுங்கள்.