தட்டைத் திருப்பி வைப்பது பண்பாடா, அபராதப் பயமா?

தேக்காவாசி:
ஒழுங்கு என்பது சிங்கப்பூர்க்காரர்களின் ரத்தத்திலேயே ஊறியது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒன்றாக இருக்கும் உணவங்காடி நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வையுங்கள் என்று 2013லிருந்தே கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் அசையவில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் சட்டம் பாய்ந்தது: முதல் தடவை எழுத்துபூர்வ எச்சரிக்கை, மறுதடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அப்புறம்தான் மேசைகள் சுத்தமாயின. எட்டு வருஷம் எட்டிப் பார்க்காத பண்பாடு திடீரென்று எங்கிருந்து வந்ததாம்?

மலர்_ஜூரோங்:
அப்படியென்றால் டிஷ்யூ பாக்கெட்டை எப்படி விளக்குவீர்கள்? மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகங்கள் நிறைந்த ஷென்டன் வே பக்கம் வந்து பாருங்கள். நிற்க இடமில்லாத கூட்டம். இடம் பிடித்ததற்கு அடையாளமாக மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடக்கும், ஆள் அந்தக் கோடியில் கோழிச் சோறு வாங்க வரிசையில் நிற்பார். சூடான லக்சா நூடுல்ஸைக் கையில் ஏந்திக்கொண்டு இடம் தேடுகிறவர்கூட அந்தப் பாக்கெட்டை நகர்த்திவிட்டு உட்கார மாட்டார். அந்த இருக்கையைக் காக்க எந்தச் சட்டமும் இல்லை, அபராதமும் இல்லை. எஸ்கலேட்டரில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதும் இப்படித்தான். எல்லாவற்றையும் பயம் என்று சொல்லிவிட முடியாது.

தேக்காவாசி:
டிஷ்யூ வைப்பதில் அவரவருக்கு லாபம் இருக்கிறது. இன்றைக்கு நான் உங்கள் பாக்கெட்டை மதித்தால் நாளைக்கு நீங்கள் என்னுடையதை மதிப்பீர்கள். தட்டை எடுத்து வைப்பதில் அடுத்தவருக்குத்தான் லாபம். அங்கேதான் பண்பாட்டின் சாயம் வெளுக்கிறது.

காப்பிக்கடை_ராணி:
இருவருமே துப்புரவு ஊழியர்களை மறந்துவிட்டீர்கள். என் அம்மா பல வருஷம் அந்த வேலை பார்த்தவர், அதனால் சொல்கிறேன். தட்டை விட்டுப்போனவர்களிடம் கேட்டால், "நாங்களே எடுத்துவிட்டால் அந்த ஆன்ட்டிக்கு வேலை போய்விடுமே" என்பார்கள். அந்த ஆன்ட்டிக்கு எழுபது வயது இருக்கும், குழம்பும் எலும்பும் சிந்திய மேசையை முதுகு வலிக்க வலிக்கத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில் பணிப்பெண் இருக்கிற ஊர் இது. நாம் போட்டதை எடுக்க இன்னொருவர் இருப்பார் என்ற எண்ணம் வீட்டிலேயே பழகிவிடுகிறது. மலர், பண்பாடு என்றால் நல்ல பழக்கம் மட்டும்தானா? தட்டை விட்டுப்போனதும் பண்பாடுதான். சட்டம் மோதியது அதோடுதான்.

மலர்_ஜூரோங்:
ராணி அக்கா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை நடத்திக்காட்டியதும் இந்த ஊரின் பழக்கம்தானே? தட்டு வைக்கும் அடுக்குகளைப் பாருங்கள், ஹலால் தட்டுக்குத் தனி, மற்றதற்குத் தனி. இரண்டையும் கலந்துவிடாமல் பார்த்து வைக்கிறார்கள். ஹலால் பக்கம் மற்ற தட்டை வைத்தால் யாரும் 300 வெள்ளி கேட்கப் போவதில்லை. அடுத்த மேசைக்காரர் நம்பிக்கை புண்படக் கூடாது என்ற கவனம் அது.

தேக்காவாசி:
அந்தக் கவனம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இதே ஆட்கள் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் சாப்பிடும்போது தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஊறியது பாலத்தில் இறங்கிப்போகுமா?

காப்பிக்கடை_ராணி:
தம்பி, அங்கே எல்லோரும் விட்டுவிட்டுத்தான் எழுகிறார்கள், இவரும் அப்படியே செய்கிறார். மனுஷன் சுற்றியிருப்பவர்களைப் பார்த்து நடக்கிறான். ரத்தத்தை விடுங்கள். இங்கே 2017லிருந்து எல்லாப் பள்ளிகளிலும் பிள்ளைகள் தினமும் வகுப்பறையைத் தாங்களே சுத்தம் செய்கிறார்கள். அந்த வருஷம் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள்.

தேக்காவாசி:
சரி அக்கா, அவர்களை வைத்தே பார்ப்போம். வளர்ந்து ஆளானபின், அபராதமே இல்லாத ஊரில், பக்கத்து மேசைக்காரர் எல்லாரும் விட்டுவிட்டு எழும்போதும் அவர்கள் தட்டை எடுத்து வைத்தால், பண்பாடு என்று நானும் ஒத்துக்கொள்கிறேன்.