திரைக்கு வெளியே கேட்ட குரல்: செய்தி வாசிப்பாளர்களைச் சந்தித்த அனுபவங்கள்

சென்னைத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், எங்கள் தலைமுறையில் பலரும் ஷோபனா ரவியின் புடவையில் தொடங்குவார்கள். அப்புறம் வரதராஜன், நிஜந்தன், பாத்திமா பாபு என்று முகம் முகமாக நினைவுகூர்வார்கள். எனக்கு முகம் எதுவும் தெரியாது. பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர்கள் எல்லாரும் எனக்குக் குரல்கள்தான். நான் சொல்லப்போகிற அம்மா இந்த நால்வரில் ஒருவர் அல்ல. தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர். அதை மீற எனக்கு மனம் வரவில்லை.

1988-ல் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பாடப்புத்தகங்கள் பிரெய்லில் கிடைக்கவில்லை. விடுதி நண்பர்கள் வாசித்துக் காட்டுவார்கள். ஆனால் தேர்வு நெருங்கினால் அவர்களுக்கும் படிப்பு இருக்கிறதே, எவ்வளவுதான் கேட்பது? பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களைக் கேசட்டில் பதிவு செய்து தரும் ஒரு சிறிய வாசிப்பு மையம் இருப்பதாக ஒருவர் சொல்லிப் போனேன். சனிக்கிழமைகளில் தன்னார்வலர்கள் வந்து வாசிப்பார்கள். முதல் கேசட்டை விடுதியில் போட்ட அன்று, குளித்துக்கொண்டிருந்த அறைத்தோழன் ஈரத்தோடு ஓடிவந்தான். "டேய், நியூஸ் ஆரம்பிச்சிடுச்சா?" என்றான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் உறைத்தது. மாலைச் செய்தியில் கேட்கிற அதே குரல், எனக்காகப் பானிப்பட்டுப் போரை வாசித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் மையத்திலேயே அவரைப் பார்த்தேன். (பார்த்தேன் என்றுதான் நாங்களும் சொல்வோம்.) "வேகம் சரியா இருக்கா தம்பி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் தயங்கித் தயங்கி ஒரு குறை சொன்னேன். நாங்கள் குறிப்பு எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பத்திக்குப் பிறகும் நீண்ட நேரம் நிறுத்துகிறார். ஊசியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி, வலமிருந்து இடமாகப் பிரெய்ல் எழுதுவதற்கு அந்த நேரமும் போதாது. எப்படியும் கருவியை நிறுத்தி நிறுத்தித்தான் எழுத வேண்டும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், அதில் கால்வாசி மௌனத்திலேயே போனால் எப்படி? தொலைக்காட்சியில் வருகிறவரிடம் இதைச் சொல்லிவிட்டோமே என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவரோ, "இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு பாடம் கூடுதலாப் படிச்சிருப்பேனே" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு வந்த கேசட்டுகளில் நிறுத்தமே இல்லை.

ஒரு கேசட்டில் மூன்றாம் பானிப்பட்டுப் போரின் ஆண்டை 1716 என்று வாசித்துவிட்டார். அது 1761. நான் கவனிக்கவே இல்லை. அடுத்த கேசட் தொடங்கியதும் பாடம் வரவில்லை, ஒரு திருத்தம் வந்தது. எந்தக் கேசட், எந்தப் பக்கம், தவறாகச் சொன்னது எது, சரியானது எது என்று சொல்லி, "மன்னிக்கவும்" என்றார். தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற செய்தியில் திருத்தம் சொல்கிற அதே குரலில், மூன்றே மூன்று மாணவர்கள் கேட்கிற கேசட்டிலும் சொன்னார்.

வரைபடம் வந்தால் பெரும்பாலான தன்னார்வலர்கள் "இங்கே ஒரு படம் உள்ளது" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். இவர் அப்படி விடமாட்டார். தமிழகத்தின் ஆறுகள் வந்த இடத்தில், "இடது கையை மேசைமேல கவிழ்த்து, விரல்களை வலப்பக்கமா விரிச்சு வச்சுக்கோ. உன் உடம்பு இருக்கிற பக்கம் தெற்கு" என்றார். சுண்டுவிரல் பாலாறு, மோதிரவிரல் தென்பெண்ணை, நடுவிரல் காவிரி, ஆள்காட்டி விரல் வைகை, கட்டைவிரல் தாமிரபரணி. விரல் முடிகிற இடத்தில் கடல். நீளமான விரல் காவிரிக்கு வந்திருப்பதைக் கவனியுங்கள். இப்போது நான் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். கண் நன்றாகத் தெரிகிற பிள்ளைகளுக்கும் இப்படித்தான் சொல்லித் தருகிறேன். தேர்வுக் கூடத்தில் கையை விரித்துப் பார்த்து எழுதுவதாகச் சொல்வார்கள்.

அவருக்குச் செய்தி வாசிப்பு நிரந்தர வேலை இல்லை. குரல் தேர்வில் தேறி, ஒப்பந்தத்தில் மாதத்தில் சில நாட்கள் மட்டும் வாசிக்க அழைப்பார்கள். மற்ற நாட்களில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒருநாள் நான் கேட்டேன்: "காகிதத்தில் இருப்பதை வாசிக்கிறீர்கள், ஆனால் எங்களைப் பார்த்துப் பேசுவதாக எல்லாரும் சொல்கிறார்களே, அது எப்படி?" வாக்கியத்தின் கடைசி மூன்று நான்கு சொற்களை முன்கூட்டியே கண்ணால் எடுத்துக்கொண்டு, அவற்றைச் சொல்லும்போது நிமிர்ந்து கேமராவைப் பார்க்க வேண்டும் என்றார். "உன்கிட்ட வாசிக்கும்போது நிமிர வேண்டிய அவசியம் இல்லை. அதனால இங்கே இன்னும் நல்லா வாசிக்கிறேன்னு தோணுது" என்றார்.

உங்களுக்கும் இப்படிச் சந்திப்புகள் இருந்தால் எழுதுங்கள்.

*

மறுமொழி

நான் சொல்வது காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பைப் பற்றி. தூர்தர்ஷனில் புகைப்படத்தைக் காட்டி வயது, உயரம், நிறம், கடைசியாக அணிந்திருந்த உடை என்று வாசிப்பார்கள் இல்லையா, அதைக் கேலி செய்து சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. 1989-ல் திருவிழாக் கூட்டத்தில் என் தம்பி தொலைந்துபோனான். பதினாறு வயது, ஆனால் தன் ஊர்ப்பெயரைக்கூடக் கோர்வையாகச் சொல்லத் தெரியாத பிள்ளை. போலீஸில் எழுதிக் கொடுத்து, படம் தொலைக்காட்சியில் வந்தது. அப்போது எங்கள் வீட்டில் டி.வி. இல்லாததால் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தோம். படம் வந்ததும் அம்மா திரையைத் தொடப் போய்விட்டாள். பதினோராம் நாள் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் அவனை அடையாளம் கண்டு, தன் வீட்டில் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொன்னார்.

பல வருடம் கழித்து எங்கள் அலுவலக ரத்ததான முகாமில் அந்த அறிவிப்பை வாசித்தவரைப் பார்த்தேன். சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். தொண்ணூறு நாள் இடைவெளி அன்றோடு முடிகிறது என்று கணக்குச் சொல்லி, மேடை ஏறுவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்தார். பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அந்த அறிவிப்பு நினைவில் இல்லை, அப்படி எத்தனையோ வாசித்திருக்கிறார். "தம்பி இப்ப எப்படிம்மா இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு சொன்னார்: "சட்டை நிறத்தைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துவேன். கேக்குறவங்க அன்னிக்குப் பார்த்த ஆளுங்களை எல்லாம் ஒருமுறை நினைச்சுப் பார்க்க நேரம் வேணும்ல."

*

மறுமொழி

தனியார் செய்தி சேனலின் டெஸ்க்கில் எட்டு வருடம் இருந்தேன். நான் சொல்லப்போவது அங்கே இருந்த ஒரு சீனியர் ஆங்கரைப் பற்றி. நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு நாள். ஒரு மாணவரின் தற்கொலைச் செய்தி இரவு புல்லட்டினில் மூன்றாவதாக இருந்தது. எப்படி நடந்தது என்பதை விவரிக்கும் இரண்டு வரிகளும் அதில் இருந்தன. அந்த ஸ்கிரிப்டை எழுதியவன் நான். நேரலைக்குச் சில நிமிடம் முன்பு அக்கா அந்த வரிகளை எடுக்கச் சொன்னார். மற்ற சேனல்களில் எல்லாம் போகிறது என்று மேலிருந்து பதில் வந்தது. அக்கா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு அடுத்ததை வாசித்தார். ப்ராம்ப்டரை (வாசிக்க வேண்டியதைக் கேமரா முன் திரையில் காட்டும் கருவி) ஓட்டுகிறவர் ஆங்கரின் குரலைப் பின்தொடர்ந்துதான் எழுத்தை நகர்த்துவார். அவர் தடுமாறி எழுத்தை மேலே தள்ளுவதற்குள் ஒரு நொடி மௌனம். அக்கா கண்ணை எடுக்காமல் காத்திருந்து, தொடர்ந்து வாசித்து, உதவி எண்ணை இருமுறை சொல்லி முடித்தார். மறுநாள் மெமோ கொடுத்தார்கள்.

என்னிடம் கோபமே படவில்லை. "இதே நிலைமையில உட்கார்ந்திருக்கிற இன்னொரு பையன் அந்நேரம் டி.வி. முன்னாடி இருப்பான். அவனுக்கும் சேர்த்துத்தான் எழுதணும்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் அந்தப் பையனை நினைத்துத்தான் எழுதினேன். 2017-ல் அரசு முதலிடம் பிடித்தவர்களின் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியபோது, டாப்பர் பேட்டி போச்சே என்று நியூஸ்ரூமே புலம்பியது. அக்கா ஒருவர்தான் எழுந்து கைதட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனநெருக்கடியில் இருப்பவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் பயிற்சிக்குப் போனார். வாரத்தில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போவார். யாரோடு பேசினார், என்ன பேசினார் என்று ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொன்னதில்லை. சேதியை முதலில் சொல்வதே தொழிலாக இருந்தவர் அவர்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது மனது கனமாக இருந்தால் 104-ஐ அழையுங்கள், டெலி மானஸ் 14416-ம் இருக்கிறது. சென்னையில் 1986-லிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

*

மறுமொழி

முதல் பதிவு எழுதிய ஐயாவுக்கு: அந்த அம்மா இப்போதும் வாசிக்கிறாரா? நானும் வாசித்துத் தர விரும்புகிறேன். பதிப்பகத்திடம் அனுமதி வாங்க வேண்டுமா?

*

தொடங்கியவர்

இருக்கிறார். குரலில் இப்போது மூச்சு கொஞ்சம் கேட்கிறது, உச்சரிப்பில் மட்டும் மாற்றமில்லை. 'வாழைப்பழம்' என்று அவர் சொன்னால் இன்றைக்கும் இரண்டு ழகரமும் தனித்தனியாகக் காதில் விழும். நாற்பது பக்கத்துக்கு மேல் ஒரே நாளில் வாசிக்க மருத்துவர் விடவில்லையாம், அதை மட்டும் குறையாகச் சொல்வார்.

அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றித் தருவதை, லாப நோக்கம் இல்லாத வரையில், அது அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். அந்தக் காலத்தில் இது சட்டப்படி சரியா என்று தெரியாமலே பலர் பயந்து பயந்து வாசித்தார்கள். இப்போது கைபேசியிலேயே பதிவு செய்யலாம். டெய்சி என்கிற, பார்வையற்றோருக்கான ஒலிநூல் வடிவத்தில் மாற்றிவிட்டால் வேண்டிய அத்தியாயத்துக்கு நேராகத் தாவலாம், நாடாவைச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியதில்லை. வாசிக்கும்போது பக்க எண்ணைச் சொல்லுங்கள், படம் வந்தால் தாண்டாதீர்கள். நிறுத்தி நிறுத்தி வாசிக்காதீர்கள், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அவர் வாசித்த பதினான்கு கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. பன்னிரண்டைக் கணினியில் ஏற்றிவிட்டேன். மீதி இரண்டில் நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறுகள் இருக்கிற கேசட் அதில் ஒன்று. சென்னைப் பக்கம் பழைய கேசட் நாடாவைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள், நானே நேரில் கொண்டுவருகிறேன். தபாலில் அனுப்ப மனமில்லை.